அந்தமானில் எழுதப்பட்ட ஸர்ஃபு கிதாபு

மத்ரஸாவில் ஓதும் பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்தால், சுப்ஹு தொழுகைக்குப் பின் ஒரு மூலையில் அமர்ந்து, உடலை முன்னும் பின்னும் அசைத்துக் கொண்டு, நஸர, நஸரா, நஸரூ என்று ஓயாமல் ஓதிக் கொண்டிருப்பதைத் தாய்மார்கள் கேட்டிருப்பார்கள். அது குர்ஆன் ஆயத்தன்று, ஹதீஸுமன்று. எந்த வேளையில் ஓதும் துஆ இது என்று கேட்கும் பாட்டிமார்களும் உண்டு. உதவினான், அவ்விருவர் உதவினர், அவர்கள் உதவினர் என்பதே அதன் பொருள். ஒரு வினைச்சொல்லைப் பதினான்கு வடிவங்களில் திருப்பித் திருப்பிச் சொல்லி நாவில் ஏற்றும் பாடம் அது. இந்தக் கல்விக்கு ஸர்ஃபு என்று பெயர். பதினான்கு வடிவங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஸீகா.

இந்த ஸர்ஃபுக் கலையில், நிஜாமிய்யா பாடத்திட்டத்தைத் தழுவிய மத்ரஸாக்களில் மீஸானும் முன்ஷஇபும் பஞ்ச் கஞ்சும் ஓதி முடித்த மாணவர் அடுத்துக் கையிலெடுக்கும் கிதாபுக்கு இல்முஸ் ஸீகா என்று பெயர். பார்ஸி மொழியில் அமைந்த சிறிய கிதாபு. அதை ஓதியவர் பல்லாயிரம் பேர். அது எங்கே, எந்த நிலையில் எழுதப்பட்டது என்று அறிந்தவர் அவ்வளவு பேர் இல்லை. எங்கள் காரைக்கால் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே, சற்றே வடக்கொதுங்கிக் கோடு இழுத்தால், சுமார் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தமான் தீவின் போர்ட் பிளேர் வரும். ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டு போய் இறக்கிய அத்துறையில், தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்ட ஒரு கைதி, பக்கத்தில் ஒரு கிதாபும் இல்லாமல், மனத்தில் இருந்ததைக் கொண்டு எழுதியதே இல்முஸ் ஸீகா. அவர்தாம் முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவி (ரஹ்) அவர்கள்.

மௌலானா அவர்கள் ஹிஜ்ரி 1228 ஷவ்வால் பிறை 9இல், அதாவது 1813 அக்டோபர் 5இல், லக்னோவுக்கு அண்மையிலுள்ள தேவா என்னும் ஊரில் பிறந்தார்கள். ஹாஜி வாரிஸ் அலீ ஷாஹ் அவர்களின் தர்காவால் இன்று எல்லோரும் அறிந்திருக்கும் ஊர் அதுவே. பின்னர் குடும்பம் காகோரியில் குடியேறியதால் காகோரவி என்ற பெயர் நிலைத்தது. பதின்மூன்று வயதில் ராம்பூர் சென்று ஸர்ஃபும் நஹ்வும் ஓதினார்கள். அங்கிருந்து தில்லி சென்று, ஷாஹ் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் மகள் வழிப் பேரரான ஷாஹ் முஹம்மத் இஸ்ஹாக் (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் பாடம் கேட்டார்கள். அதன்பின் அலிகார் சென்று மௌலானா புஜுர்க் அலீ மாரஹ்ரவி அவர்களிடம் கணிதம் முதலான கலைகளைக் கற்று முடித்தார்கள். கணிதத்தில் மௌலானாவுக்கு இருந்த பிடிப்பைப் பின்னால் சொல்லப் போவதற்காக வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கற்ற அலிகாரிலேயே கற்பிக்கத் தொடங்கினார்கள். பிறகு அவ்வூரிலேயே முஃப்தியாகவும் முன்ஸிஃபாகவும் அரசுப் பதவி கிடைத்தது. அந்நாளில் கம்பெனியின் நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்டம் அறிந்த உலமாக்களுக்கு இத்தகைய பதவிகள் இருந்தன. பகலில் நீதிமன்றம், மற்ற நேரத்தில் மாணவர்கள் என்று வாழ்க்கை அமைந்தது. பிற்காலத்தில் உஸ்தாதுல் உலமா என்று போற்றப்பட்ட முஃப்தி லுத்ஃபுல்லாஹ் அலிகடீ அவர்கள் அக்காலத்து மாணவர்களில் ஒருவர். அலிகாரிலிருந்து பரேலிக்கு ஸத்ர் அமீன் பதவியில் மாற்றமானார்கள். அதற்கும் மேலான ஸத்ருஸ் ஸுதூர் பதவி ஆக்ராவில் கிடைத்து, புறப்பட வேண்டிய தருணத்தில்தான் 1857ஆம் ஆண்டின் பெரும் கிளர்ச்சி மூண்டது.

மே மாதம் 31ஆம் நாள் பரேலியில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஹாஃபிஸ் ரஹ்மத் கானின் பேரரான கான் பஹாதூர் கான் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். நாற்பத்து மூன்று வயது. கை நிறையச் சம்பளம். பதவி உயர்வு உத்தரவு கைக்கு வந்துவிட்டது. ஒதுங்கி நின்றிருந்தால் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் ஆக்ராவில் போய் அமர்ந்திருக்கலாம். மௌலானா அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. கான் பஹாதூர் கானின் பக்கம் சேர்ந்து, அவருக்குத் துணை நிற்குமாறு மார்க்கத் தீர்ப்பும் வழங்கினார்கள். 1858 மே மாதம் பரேலி மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மௌலானா பிடிபட்டார்கள். விசாரணை நடந்தது, அந்தமானுக்குத் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது.

எங்கள் காரைக்கால் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. இங்குள்ள மரக்காயர்களுக்குக் கடல் என்பது பினாங்குக்கும் ரங்கூனுக்கும் சைகோனுக்கும் வியாபாரத்துக்குப் போகும் வழி. அதே கடலை வட நாட்டார் கருப்புத் தண்ணீர் என்று அஞ்சினார்கள். அந்தமான் என்றதும் நம் மனக் கண்ணில் தோன்றுகிற செல்லுலார் சிறையின் உயர்ந்த கட்டடம் அன்று கிடையாது. அது 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. மௌலானா போய் இறங்கிய காலத்தில் இருந்தவை காடும் சேறும் காய்ச்சலுமே. 1858 மார்ச் மாதத்தில்தான் முதல் கப்பலில் 200 கைதிகளைக் கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். அவர்களே மரம் வெட்டி, தாங்கள் அடைபட வேண்டிய இடத்தைத் தாங்களே உருவாக்க வேண்டும். வந்தவர்களில் ஏராளமானோர் முதல் ஆண்டுகளிலேயே இறந்தார்கள். பெரும் தத்துவ மேதையான மௌலானா ஃபஸ்லே ஹக் கைராபாதீ (ரஹ்) அவர்களும் 1859இல் அங்கே வந்து சேர்ந்து, 1861 ஆகஸ்டில் அத்தீவிலேயே வஃபாத்தானார்கள். அவர்களுடைய கப்ரு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அப்படிப்பட்ட இடத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த கைதி என்ற முறையில் மௌலானா இனாயத் அஹ்மத் அவர்களுக்கு எழுத்து வேலை கிடைத்தது. பேனாவும் தாளும் கையில் வந்தன. கிதாபு மட்டும் வரவில்லை. முதலில் எழுதியது பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு. உர்தூவில் அமைந்த அந்நூலுக்கு தவாரீகே ஹபீபே இலாஹ் என்று பெயரிட்டார்கள். ஆண்டு, மாதம், பெயர், போர்க்களம் அனைத்தும் மனனத்திலிருந்தே எழுதப்பட்டன. விடுதலைக்குப் பின் கிதாபுகளோடு ஒத்துப் பார்த்தபோது சரியாக இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை முடித்த பின், ஹாஃபிஸ் வஸீர் அலீ என்பவர் கேட்டுக் கொண்டதற்கிணங்க எழுதியது இல்முஸ் ஸீகா.

நாடு போயிற்று, வீடு போயிற்று, உடனிருந்தோர் நாள்தோறும் ஜனாஸாவாகிக் கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் ஒருவர் வினைச்சொல் பாடம் எழுதினாரா என்று சிலர் வியக்கக் கூடும். ஸர்ஃபு என்றால் என்ன என்பதைச் சற்றே விளங்கிக் கொண்டால் அந்த வியப்பு வேறு விதமாக மாறும். ஆகவே வரலாற்றை இங்கே நிறுத்திக் கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்தருள வேண்டும்.

தமிழில் ஒரு வினையை எடுத்தால் பகுதி முன்னே நிற்கும். காலமும் ஆளும் காட்டுகிற உறுப்புகள் அதன் பின்னே வந்து ஒட்டும். செய்தான், செய்கிறான், செய்வாள் என்பவற்றில் செய் என்னும் பகுதி குலையாமல் இருக்கிறது. அரபியில் அப்படியன்று. அங்கே வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள். அவற்றுக்கு இடையிலும் முன்னும் பின்னும் உயிரோசைகளும் சில எழுத்துகளும் புகுந்து பொருளை மாற்றும். ஐன், லாம், மீம் என்ற மூன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அலிம என்றால் அறிந்தான். இல்மு என்றால் அறிவு. ஆலிம் அறிந்தவர், மஃலூம் அறியப்பட்டது, தஃலீம் கற்பித்தல், முஅல்லிம் கற்பிப்பவர். கப்பலுக்கு வழி காட்டும் முஅல்லிம் என்ற சொல்தான் கடலோடிகளின் வாயில் திரிந்து நம் தமிழில் மாலுமி ஆயிற்று. பாங்கு சொல்லும் முஅத்தின் நம் தெருக்களில் மோதினார் ஆனதும் அதே முஅல்லிம் வடிவத்தில் வந்த சொல்தான்.

இந்த வடிவங்களை எடை போட அரபு அறிஞர்கள் ஒரு தராசு செய்து வைத்தார்கள். ஃபஅல என்னும் சொல் அந்தத் தராசு. ஆலிம், காதிம், காதிப் ஆகிய மூன்றும் ஃபாஇல் என்ற வாய்பாடு. மஃலூம், மக்தூப், மன்ஸூர் ஆகிய மூன்றும் மஃப்ஊல் என்ற வாய்பாடு. ஃபஅல என்றால் என்ன பொருள் தெரியுமா? செய்தான். நம் தமிழ் இலக்கணத்தாரும் செய்து என்னும் வாய்பாடு, செய்யும் என்னும் வாய்பாடு என்று அதே செய் என்ற வினையைத்தான் எடுத்துக் கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியவர்கள் அல்லர். எல்லா வினைக்கும் பொதுவான வினை செய்தல் என்பது இரு கூட்டத்தாருக்கும் தனித்தனியே பட்டிருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஸர்ஃபு நடத்தும் உஸ்தாதுமார்கள் இந்த ஒரு செய்தியை முதல் நாளிலேயே சொன்னால் பாதிப் பயம் போய்விடும் என்பது என் எண்ணம்.

இப்போது அந்தமானுக்குத் திரும்புவோம். இந்தத் தராசு மனத்தில் இருக்கிறவருக்குச் சொற்களை ஒவ்வொன்றாக நினைவில் சுமக்க வேண்டியதில்லை. மூன்றெழுத்து வேரும், அதில் எந்த உயிரோசை எங்கே விழும் என்ற விதியும் தெரிந்தால் போதும். மூன்றெழுத்து வினைகள் நஸர, ளரப, ஸமிஅ, ஃபதஹ, கரும, ஹஸிப என்ற ஆறு பாபுகளுக்குள் அடங்கும். ஒரு பாபில் ஒரு வினை தெரிந்தால் அந்த இனத்து வினைகள் அனைத்தையும் அவரே பிறப்பித்துக் கொள்வார். ஆகவே கிதாபுகளைப் பறித்துக் கொண்டாலும் இந்தக் கலையைப் பறித்துக் கொள்ள முடியாது. கணிதம் அறிந்த மௌலானாவுக்கு இது மிகவும் ஒத்த வேலை. விதியைக் கூறி, அதிலிருந்து சொல்லை வருவித்துக் காட்டும் முறை இல்முஸ் ஸீகா முழுவதிலும் காணப்படுகிறது. சுற்றி வளைத்த பேச்சு இல்லை. முகவுரை ஒன்று, பாபுகள் நான்கு, முடிவுரை ஒன்று என்ற அமைப்பில், ஸீகாக்கள் முதலிலும் பாபுகள் அதையடுத்தும் வருகின்றன. மூன்றாம் பாபில் ஹம்ஸாவும் பலவீன எழுத்துகளும் இரட்டை எழுத்துகளும் வரும் வினைகள். நான்காவதில் தம் உஸ்தாதிடம் கேட்டறிந்த நுட்பங்களையும் தம் சொந்த ஆய்வுகளையும் சேர்த்திருக்கிறார்கள். ராம்பூரில் சிறுவனாகக் கேட்ட பாடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து ஒரு கைதித் தீவில் எழுத்தாகியது.

முடிவுரை, கண்டுபிடிக்கக் கடினமான ஸீகாக்களைப் பற்றியது. மாணவர்களுக்கு இதுவே மிகவும் பிடித்த பகுதி. இந்த இனத்துச் சொற்கள் நம் வீடுகளில் அன்றாடம் ஓதப்படுகின்றன. தவாஃபிலும், தொழுகைக்குப் பின் துஆவிலும் நாம் கேட்கும் துஆவின் முடிவில் வகினா என்று வருகிறதே, அது ஒரு சொல்லன்று, மூன்று சொற்கள். வ என்பது 'மேலும்'. னா என்பது 'எங்களை'. நடுவில் நிற்கும் கி என்ற ஒற்றை எழுத்துத்தான் காப்பாயாக என்ற வினை. வேர் வாவு, காஃப், யே. ஏவலாக வரும்போது முதலெழுத்தாகிய வாவு பலவீனத்தால் விழுந்தது. கடைசி எழுத்தாகிய யேயும் விழுந்தது. நடுவிலுள்ள காஃப் மட்டும் கஸ்ராவோடு எஞ்சியது. தக்வா, முத்தகீ என்று நாம் ஜும்ஆதோறும் கேட்கும் சொற்களும் இதே வேரில் பிறந்தவையே. நரகத்திலிருந்து காக்குமாறு கேட்கும் அந்த ஓரெழுத்து வினைக்கும் தக்வாவுக்கும் வேர் ஒன்று என்பது ஸர்ஃபு தெரிந்தவருக்குத்தான் காதில் விழும்.

கமர் ஸூராவில் முத்தகிர் என்று ஆறு முறை வருகிறது. இது திக்ரு என்னும் வேரில் பிறந்தது. ஆனால் திக்ருவில் நாநுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஓதும் அந்தத் தால் எழுத்து இங்கே காணப்படவில்லை. இஃப்திஆல் என்ற பாபில் ஒரு தே வந்து சேர, இரண்டு எழுத்தும் ஒன்றையொன்று இழுத்து, இரண்டுமே அழுத்தமான வேறொரு தாலாகி ஒன்றுபட்டு விட்டன. அகராதியைத் திறந்து முத்தகிர் என்று தேடுபவர் நாள் முழுதும் தேட வேண்டியதுதான். அரபு அகராதிகளில் பல, சொல்லின் முதலெழுத்தைப் பார்க்காமல் வேரின் எழுத்துகளைக் கொண்டே அடுக்கப்பட்டவை. வேரைக் காணாதவருக்கு அகராதியின் கதவு திறக்காது.

மார்க்கச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. சூரத்துல் ஃபாத்திஹாவில் அன்அம்த என்று ஓதுகிறோம். நீ அருள் புரிந்தாய் என்பது பொருள். கடைசி எழுத்தின் ஃபத்ஹாவை ளம்மாவாக்கி அன்அம்து என்றால் நான் அருள் புரிந்தேன் என்றாகிவிடும். கஸ்ராவாக்கி அன்அம்தி என்றால் பெண்பாலை முன்னிலைப்படுத்தும் சொல்லாகும். பதினான்கு ஸீகாக்களில் மூன்று அவை. வேறுபாடு ஒரே ஓர் உயிரோசை. நம் கடற்கரையில் நெடுங்காலமாக ஓதப்படும் ஃபத்ஹுல் முயீன் உள்ளிட்ட ஷாஃபிஈ கிதாபுகள், பொருளை மாற்றும் பிழைக்கு இதையே உதாரணமாகக் காட்டுகின்றன. வாய் தவறி அப்படி ஓதியவர் அந்த இடத்தைத் திரும்பச் சரியாக ஓதியாக வேண்டும். சரியாக ஓத முடிந்தும் வேண்டுமென்றே மாற்றினால் தொழுகையே பாத்திலாகும்.

அரபு நாட்டார் பேசும்போது இவையெல்லாம் தாமே வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எகிப்தியரோ சிரியா நாட்டாரோ வீட்டில் பேசும்போது, நான் எழுதினேன் என்பதற்கும் நீ எழுதினாய் என்பதற்கும் கதப்த் என்ற ஒரே வடிவத்தைத்தான் சொல்வார்கள். கடைசி உயிரோசை பேச்சு வழக்கில் உதிர்ந்து விட்டது. இருவர் எழுதினர் என்ற இருமை வினையும் பேச்சில் மறைந்து விட்டது. எழுதுகிறான் என்பது எகிப்தில் பியிக்திப், வளைகுடாவில் யிக்திப், மொராக்கோவில் காயிக்தப். காஃப், தே, பே என்ற வேர் எங்கும் மாறவில்லை. சுற்றியிருக்கும் உருவம் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகவே கெய்ரோவில் பிறந்த குழந்தையும் அன்அம்தவுக்கும் அன்அம்துவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியில் உட்கார்ந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

பழங்காலத்திலும் கோத்திரத்துக்குக் கோத்திரம் பேச்சு வேறுபட்டது. ஒருவன் மார்க்கத்திலிருந்து திரும்பினால் என்று சொல்லும் இடத்தில், அல்பகரா ஸூராவின் 217ஆம் ஆயத்தில் யர்ததித் என்று இரு தாலும் பிரிந்து வருகிறது. அல்மாயிதா ஸூராவின் 54ஆம் ஆயத்தில் நாம் ஓதும் கிராஅத்தில் யர்தத்த என்று இரண்டும் இணைந்து வருகிறது. பிரித்துச் சொல்வது ஹிஜாஸ் மக்களின் வழக்கு; இணைத்துச் சொல்வது தமீம் கோத்திரத்தாரின் வழக்கு. மதீனாவின் நாஃபிஉ (ரஹ்) அவர்களின் கிராஅத்தில் மாயிதாவிலும் பிரிந்தே வருகிறது. வேர் ஒன்று, பாபு ஒன்று, பொருள் ஒன்று. இல்முஸ் ஸீகாவின் மூன்றாம் பாபில் இரட்டை எழுத்து வினைகளை ஓதும் மாணவர் இந்த இடத்துக்கு வரும்போது திகைப்பதில்லை.

பாடம் போதும். கிதாபின் பெயரிலும் மௌலானா ஒரு கணக்கு வைத்தார்கள். அப்ஜத் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. இல்மு என்ற மூன்றெழுத்துக்கு 70, 30, 40, ஆக 140. அஸ்ஸீகா என்பதில் அலிஃப் 1, லாம் 30, ஸாத் 90, யே 10, கைன் 1000, ஹே 5, ஆக 1136. இரண்டையும் கூட்டினால் 1276. அதுவே கிதாபு எழுதிய ஹிஜ்ரி ஆண்டு. அதற்கு முந்தைய நூலான தவாரீகே ஹபீபே இலாஹ் என்பதைக் கூட்டிப் பார்த்தால் 1275 வரும். அரபு எழுத்தறிந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

1277இல் விடுதலை வந்தது. அதற்கு வழியானதும் ஒரு கிதாபுதான். தகவீமுல் புல்தான் என்ற அரபுப் பூகோள நூலை மொழிபெயர்க்க ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஆள் தேடினாராம். பிறர் பின்வாங்கிய அந்த வேலையை மௌலானா ஏற்று, சுமார் இரண்டாண்டு உழைத்து முடித்தார்கள். அதைப் பார்த்து மகிழ்ந்த அதிகாரி பரிந்துரைத்ததில் விடுதலை உத்தரவு பிறந்தது என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். செய்தி கேட்ட மாணவர் முஃப்தி லுத்ஃபுல்லாஹ் அவர்கள், தம் உஸ்தாத் ஈடேறிவிட்டார் என்று பொருள்படும் மூன்று அரபுச் சொற்களைக் கோத்தார்கள். கூட்டினால் 1277. உஸ்தாதிடம் கற்ற கணக்கு வீண் போகவில்லை.

மௌலானா திரும்பி வரும்போது வேறொரு பொருளும் உடன் வந்ததாகச் சொல்வார்கள். ஃபஸ்லே ஹக் கைராபாதீ (ரஹ்) அவர்கள், கிளர்ச்சியின் வரலாற்றையும் தாம் பட்ட துன்பத்தையும் அரபியில் எழுதி வைத்திருந்தார்கள். கிடைத்த துண்டுத் தாளிலும் துணியிலும் கரியாலும் பென்சிலாலும் எழுதிய அக்குறிப்புகளை, மகனாரிடம் சேர்க்கும்படி மௌலானா இனாயத் அஹ்மத் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அதுவே பின்னாளில் அஸ்ஸவ்ரத்துல் ஹிந்திய்யா என்ற பெயரில் வெளிவந்தது. எழுதியவர் தீவிலேயே அடங்கினார். எழுத்து கரை சேர்ந்தது.

விடுதலையான மௌலானா அவர்கள் அரசுப் பதவியின் பக்கம் திரும்பவில்லை. கான்பூரில் ஃபைஸே ஆம் என்ற பெயரில் மத்ரஸா தொடங்கி ஓதிக் கொடுத்தார்கள். அந்த மத்ரஸாவின் பிற்கால வரலாறு நீண்டது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் தேவ்பந்தில் ஓதி முடித்ததும் முதன்முதலாக ஓதிக் கொடுக்கச் சென்றது அங்கேதான். 1892இல் அதன் பட்டமளிப்பு விழாவில் கூடிய உலமாக்களின் ஆலோசனையிலிருந்துதான் நத்வத்துல் உலமா உருவாயிற்று. நிறுவியவர் எதையும் பார்க்கவில்லை. அவர் அங்கே இருந்தது இரண்டு ஆண்டுகள் போல.

இல்முஸ் ஸீகாவைப் பற்றி நம் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வட நாட்டுப் பிள்ளைக்குப் பார்ஸி ஓரளவு பழகிய மொழி. தமிழ்ப் பிள்ளை அரபியின் வினையைக் கற்கப் பார்ஸியைத் தாண்ட வேண்டும். பார்ஸிக்கு உஸ்தாத் சொல்லும் விளக்கம் பல இடங்களில் உர்தூவில் இருக்கும். ஆக மூன்று ஆறுகளைக் கடந்துதான் கரைக்கு வருகிறான். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மத் ரஃபீஉ உஸ்மானீ (ரஹ்) அவர்கள் இக்கிதாபை உர்தூவில் மொழிபெயர்த்து, ஆசிரியரின் வரலாற்றையும் சேர்த்து வெளியிட்டதால் ஓர் ஆறு குறைந்தது. எஞ்சியதைக் குறைப்பது தமிழறிந்த உலமாக்களின் கையில் இருக்கிறது. மௌலானா எழுதியது, தம் மாணவருக்கு எளிதாயிருந்த மொழியில். பார்ஸி என்பதற்காகவே அதைக் காத்து நிற்பது அவர்கள் நோக்கத்துக்கு ஒத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஹிஜ்ரி 1279இல் மௌலானா அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். மத்ரஸாவை முஃப்தி லுத்ஃபுல்லாஹ் முதலானோர் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள். வங்கக் கடலைக் கைதியாகக் கடந்து உயிரோடு திரும்பியவர், இப்போது அரபிக் கடலைத் தம் விருப்பத்தோடு கடந்தார்கள். செங்கடலில் கப்பல் ஜித்தாவை நெருங்கிய வேளையில் பாறையில் மோதிற்று. ஷவ்வால் பிறை 17. 1863 ஏப்ரல் 7. இஹ்ராம் உடையில் இருந்த நிலையிலேயே மௌலானா அவர்கள் கப்பலோடு நீரில் மூழ்கி ஷஹீதானார்கள் என்று எழுதியுள்ளார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஹிஜ்ரிக் கணக்கில் வயது ஐம்பத்தொன்று.

கான்பூரில் பாடம் நிற்கவில்லை. முஃப்தி லுத்ஃபுல்லாஹ் அவர்கள் அங்கே ஆண்டுக் கணக்கில் ஓதிக் கொடுத்து, பிறகு அலிகாருக்குத் திரும்பி, தம் உஸ்தாத் தமக்கு ஓதிக் கொடுத்த ஊரிலேயே ஓதிக் கொடுத்தார்கள். அவர்கள் வஃபாத்தானது 1916இல்.